கணினியில் வைத்த இசை: குறை நேரும் இடம் எது?

கணினியில் சேமித்து வைத்த இசை செவிக்கு நிறைவு தருவதில்லை என்னும் முறையீட்டைப் பள்ளிகளிலும் களப்பணி நிலையங்களிலும் இன்று அடிக்கடி கேட்கிறோம். பழைய இசைத்தட்டில் இருந்த உயிர்ப்பு எண்களாக மாற்றப்பட்ட இசையில் இராது என்பர் ஒரு சாரார். விலையுயர்ந்த கருவியும் இணைப்புக் கம்பியும் வாங்கினால் குறை தீர்ந்துவிடும் என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் குறையை அது இல்லாத இடத்திலே தேடுகின்றனர் என்பது நமது கருத்து.

கணினி தன்னிடம் ஒப்படைத்த இசையைக் கெடுப்பதில்லை. இசை கெடுவது பெரும்பாலும் அது கணினியுள் புகும் வாயிலிலும், கணினியினின்று வெளிப்படும் வாயிலிலுமே ஆகும். வெளிவாயிலில் நேரும் பிழையை நாளை நல்லதோர் ஒலிபெருக்கியைக் கொண்டு திருத்திக்கொள்ளலாம். புகுவாயிலில் நேர்ந்த பிழையோ நிலைத்துவிடும். நாட்டுப் பாடல்களைப் பதிவு செய்யும் களப்பணியாளரும், பழைய ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றும் நிறுவனத்தாரும், மாணவருக்கு இசையைக் கேட்பிக்கும் ஆசிரியரும் இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் இன்றியமையாதது.

எண்களில் இசை

ஒலி என்பது காற்றின் அழுத்தத்தில் நேரும் ஏற்றத்தாழ்வு. ஒலிவாங்கி அதனை மின்னழுத்த மாறுதலாக ஆக்குகிறது. அம்மின்னழுத்தத்தை ஒழுங்கான கால இடைவெளிகளில் அளந்து எண்களாகக் குறித்துவைப்பதே எண்முறைப் பதிவாகும். ஓர் அளவைக்கும் அடுத்த அளவைக்கும் இடைப்பட்ட நேரத்தில் இருந்த ஒலி தொலைந்துபோகாதா என்னும் வினா மாணவர் மனத்தில் எழுவது இயல்பே. அமெரிக்காவில் ஹாரி நைக்விஸ்ட் 1928-இலும், சோவியத் நாட்டில் விளாதிமிர் கோடெல்னிகோவ் 1933-இலும், மீண்டும் அமெரிக்காவில் கிளாட் ஷானன் 1949-இலும் வெளியிட்ட ஆய்வுகள் இவ்வினாவுக்கு விடை தந்துள்ளன. ஓர் ஒலியில் அடங்கிய மிக உயர்ந்த அதிர்வெண்ணைப்போல் இருமடங்குக்கு மேற்பட்ட முறை நொடிதோறும் அளந்தால், இடைப்பட்ட வளைவு முழுவதையும் அவ்வெண்களைக் கொண்டே மீட்டெடுக்கலாம் என்பதே அவ்விடை.

மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வுகளைக் கேட்கவல்லது. வயது முதிர முதிர மேல் எல்லை குறைந்துகொண்டே வரும். 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடு நொடிக்கு 44,100 முறை ஒலியை அளக்கிறது. ஒவ்வோர் அளவையையும் 16 பிட் எண்ணாக, அதாவது 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கிறது. இதனால் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே ஏறத்தாழ 96 டெசிபெல் இடம் கிடைக்கிறது. வீட்டிலும் வகுப்பறையிலும் எப்போதும் உள்ள இரைச்சலை நோக்க, இது தேவைக்கு மிகுதியே.

இவ்வாறு எண்களாகிய இசைக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. ஒலிநாடாவிலிருந்து ஒலிநாடாவுக்குப் படியெடுக்குந்தோறும் இரைச்சல் மிகும். எண்களைப் படியெடுப்பதில் அவ்வாறு நேர்வதில்லை. முதற்படியும் ஆயிரமாவது படியும் ஒன்றே. 2001-இல் வெளியான ஃபிளாக் என்னும் கோப்புமுறை, எண்களில் ஒன்றையேனும் விடாமல், அவற்றை எழுதும் முறையை மட்டும் சுருக்குகிறது. இசைக்கேற்ப இடம் பாதியளவாகவோ அதனினும் சற்று மிகுதியாகவோ குறைகிறது. மூல எண்களுக்குரிய சரிபார்ப்புக் குறி ஒன்றும் கோப்பினுள்ளேயே இருப்பதால், ஆண்டுகள் பல கழிந்த பின்னும் கோப்பு பழுதுபட்டதா, இல்லையா என்று ஐயமறச் சோதிக்கலாம்.

நொடிக்கு 96,000 முறையும் அதற்கு மேலும் அளந்த இசை குறுந்தகட்டினும் இனியது என்று விளம்பரம் செய்வோர் உளர். இது பற்றி ஆய்வுகள் நடந்துள்ளன. அமெரிக்காவில் மேயர், மோரன் என்னும் இருவர் 2007-இல் வெளியிட்ட சோதனையில், உயர்தரப் பதிவை நேராகவும், குறுந்தகட்டின் அளவுக்குக் குறைத்தும் மாறிமாறிக் கேட்பித்தபோது, கேட்டோர் வேறுபாட்டைக் கண்டறிந்தது குருட்டுவாக்கில் சொல்வதற்கு மேம்படவில்லை. 2016-இல் ஜோஷுவா ரைஸ் என்னும் ஆய்வாளர் அதுவரை வெளியான 18 சோதனைகளைத் தொகுத்து நோக்கி, சரியான விடை 52.3 விழுக்காடு என்று கண்டார். வேறுபாடு அறவே இல்லை என்று இதனால் கூறுதற்கில்லை. ஆயினும், நாணயத்தைச் சுண்டினாலும் 50 விழுக்காடு கிடைக்குமன்றோ! கேட்பதற்குக் குறுந்தகட்டின் அளவே போதும் என்று கொள்வதில் பிழையில்லை. பதிவு செய்வதற்கு மட்டும் 24 பிட் அளவு நன்று. ஒலி எதிர்பாராது உரத்து எழுந்தாலும் எல்லை மீறாதவாறு மட்டத்தைச் சற்றுத் தாழ்த்தி வைக்க அது இடந்தருகிறது.

புகுவாயில்

எம்.பி.3 என்னும் சுருக்குமுறையைப் பயன்படுத்தாதார் இன்று அரியர். ஜெர்மனியின் ஃபிரவுன்ஹோஃபர் ஆய்வு நிலையத்தாரும் பிறரும் உருவாக்கிய இம்முறை 1993-இல் உலகத் தரமுறையாக வெளியிடப்பட்டது. நாகசுரம் முழங்கும்போது அருகிலிருப்பவர் முணுமுணுப்பது நம் செவியில் விழுவதில்லை. ஓர் ஒலி மற்றோர் ஒலியை மறைக்கும் இவ்வியல்பை அடிப்படையாகக் கொண்டு, கேளாது என்று கணித்த பகுதிகளை இம்முறை நீக்கிவிடுகிறது. குறுந்தகட்டின் இசைக்கு நொடிக்கு 1,411 கிலோபிட் வேண்டும். 128 கிலோபிட் அளவுக்குச் சுருக்கிய எம்.பி.3 அதனைப் பதினொன்றில் ஒரு பங்கில் அடக்குகிறது.

அது தோன்றிய காலத்தில் இச்சுருக்கம் பேருதவியாக இருந்தது. 1998-இல் விற்பனைக்கு வந்த கையடக்கக் கருவிகளின் நினைவகம் 32 மெகாபைட் அளவினது. குறுந்தகட்டின் எண்களை அப்படியே வைத்தால் அதில் மூன்று நிமிட இசையே அடங்கும். 128 கிலோபிட் எம்.பி.3 ஆயின் அரை மணிக்கு மேல் அடங்கும். அன்றைய முடை நீங்கிவிட்டது; அம்முடைக்காக மேற்கொண்ட வழக்கம் மட்டும் நம்மிடையே நிலைத்துவிட்டது.

இவ்வழக்கத்தால் நேரும் இழப்பை நம் நாட்டு இசையைக் கொண்டே விளக்கலாம். தம்புராவின் குதிரையில் தந்திக்கடியில் வைக்கும் ஜீவாளி நூல், அத்தந்தியின் ஒலியில் எண்ணிறந்த மேற்சுரங்களை எழுப்புகிறது. ஒரு தந்தியை மீட்டும் இடத்தில் கணு கொள்ளும் மேற்சுரங்கள் எழா என்பது பொதுவிதி; தம்புராவிலும் வீணையிலும் அவையும் எழுகின்றன என்று சர் சி. வி. ராமன் 1921-இல் எடுத்துக்காட்டினார். அதற்கு முந்திய ஆண்டில், தோலின் நடுவே பூசிய கருஞ்சாந்தினால் நம் நாட்டு முழவுகளின் மேற்சுரங்கள் இசைக்கு ஒத்த விகிதத்தில் அமைவதைச் சிவகாளி குமாருடன் சேர்ந்து வெளியிட்டார். அவர் ஆராய்ந்த அந்நுண்மைகளே சுருக்கத்தில் முதலில் பாதிக்கப்படுவன. 128 கிலோபிட் எம்.பி.3 வழக்கமாக 16,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவற்றை வெட்டிவிடுகிறது. அதனினும் தாழ்ந்த அளவுகளில் தம்புராவின் ஒளிர்வு நீர் சலசலப்பது போன்ற ஒலியாகத் திரிகிறது. தாளத்தின் கூரிய தட்டு, விழுவதற்கு ஒரு கணம் முன்பே நிழலாகப் பரவி, கூர்மை மழுங்குகிறது.

256 அல்லது 320 கிலோபிட் அளவில் நன்கு சுருக்கிய கோப்பை மூலத்தினின்று பிரித்தறிவது பெரும்பாலோர்க்கு அரிது. அவ்வாறாயின், மூலத்தை வைத்துக் காப்பது வீண்செலவன்றோ என்று கேட்கலாம். கேட்பதற்கு மட்டுமே வைத்த படியாயின் இவ்வினா நியாயமானதே. ஆனால், காப்பகத்தில் வைக்கும் பதிவு வேறு பணிகளுக்கும் உரியது. அதிலிருந்து ஒரு பகுதியை வெட்டி, வேறொரு முறையில் மீண்டும் சுருக்கி, வானொலிக்கோ பாடநூலுக்கோ வழங்கவேண்டியிருக்கும். சுருக்கியதை மீண்டும் சுருக்குந்தோறும் இழப்பு மேன்மேலும் ஏறும். சுருதி, அதிர்வெண் முதலியவற்றை ஆராய்வோர்க்கும், செவிக்கு வேண்டாதது என்று நீக்கிய பகுதி தேவைப்படலாம். 1902-இல் கல்கத்தாவில் பதிவான கௌஹர் ஜானின் குரலை இன்று முன்னினும் தெளிவாகக் கேட்க முடிவது, தட்டுகள் எஞ்சியிருப்பதாலேயே. கருவிகள் சிறந்துவருந்தோறும் அதே தட்டிலிருந்து மேலும் நல்ல ஒலியைப் பெற முடிகிறது. மூலத்தை அழித்துவிட்டுச் சுருக்கியதை மட்டும் வைப்போமாயின், இவ்வாய்ப்பை நம் பின்னோர்க்கு மறுத்தவராவோம்.

செலவைப் பற்றிய அச்சத்தைக் கணக்குத் தீர்க்கும். நொடிக்கு 96,000 அளவை, 24 பிட், இரண்டு தடம் என்னும் முறையில் ஒரு மணி நேரப் பதிவுக்கு ஏறத்தாழ 2 கிகாபைட் வேண்டும். ஒரு டெராபைட் வன்தட்டில் இத்தகைய பதிவு 480 மணி நேரம் அடங்கும். நாள்தோறும் ஒரு மணி நேரம் பதிவு செய்யும் களப்பணியாளருக்கு ஓராண்டு கழிந்தும் இடம் எஞ்சும். பன்னாட்டு ஒலிக் காப்பகச் சங்கத்தின் வழிகாட்டு நூலும் காப்புப் பதிவுக்கு 24 பிட் அளவையே கூறுகிறது. அளவை வேகம் 48,000-க்குக் குறையலாகாது என்றும், 96,000 நன்று என்றும் பரிந்துரைக்கிறது.

ஒலிநாடாக்களைப் பொறுத்தவரை காலமும் குறுகிவிட்டது. நாடாவை இயக்கும் கருவிகளும் உதிரி உறுப்புகளும் அருகி வருவதால், 2025-ஆம் ஆண்டளவில் அவற்றை வழக்கமான முறையில் ஒலிப்பித்து மாற்றும் வாய்ப்பு மறையக்கூடும் என்று, யுனெஸ்கோவின் திட்டமொன்றும் மேற்கூறிய சங்கமும் 2019-இல் எச்சரிக்கை இயக்கம் ஒன்றைத் தொடங்கின. இனிப் பல நாடாக்கள் ஒருமுறை மட்டுமே ஒலிக்கும். அந்த ஒருமுறையில் அவசரத்தால் சுருக்கிய கோப்பாக எடுப்பதும், இரைச்சலை நீக்குவதாகக் கருதி வடிகட்டிய பதிவை மட்டும் வைப்பதும் தகாது. இரைச்சலோடு கூடிய முழுப் பதிவையே காப்பில் வைத்து, வடித்த படியை வேறாக வழங்குதல் வேண்டும்.

களத்தில் புதிதாகப் பதிவு செய்வோர்க்கு இரண்டொரு குறிப்புகள் போதும். திறந்த வெளியில் பாடுவோர்க்கும் ஒலிவாங்கிக்கும் உள்ள தொலைவைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபெல் உயரும். சுற்றுப்புற இரைச்சல் உயராது. எவ்விலைக் கருவியும் இதற்கு ஈடாகாது. கைத்தொலைபேசியில் பதிவு செய்தால், ஒலிமட்டத்தைத் தானே ஏற்றி இறக்கும் அமைப்பை இயன்றவரை நிறுத்தி வைக்கவேண்டும். அது பாட்டின் இயல்பான ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்து கெடுத்துவிடும். மட்டம் உச்ச எல்லைக்குப் பத்துப் பன்னிரண்டு டெசிபெல் கீழே நிற்கட்டும். எல்லை மீறிச் சிதைந்த ஒலியைப் பின்னர் செம்மையாக்குதல் இயலாது. பதிவைச் செய்திச் செயலியின் குரற்செய்தியாக அனுப்புதலும் கூடாது. அது பேச்சுக்கென மிகச் சுருக்கி அமைத்தது. கோப்பாகவே அனுப்பினால் எண்கள் மாறா.

வெளிவாயில்

இனி, ஒலிப்பிக்கும் பக்கத்தை நோக்குவோம். இங்கே பணம் செலவிட வேண்டிய உறுப்பு ஒலிபெருக்கியே. ஒரு கட்டைச் சுருதியில் மந்தரத் தந்தி ஏறத்தாழ 65 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. மடிக்கணினியின் சிறு ஒலிபெருக்கி அவ்வளவு மெதுவான அதிர்வுக்கு வேண்டிய காற்றைத் தள்ளவல்லதன்று. மேற்சுரங்களைக் கொண்டு நம் மூளை ஆதாரச் சுருதியை ஊகித்துக்கொள்கிறது. அதன் கனம் மட்டும் செவிக்கு எட்டுவதில்லை. இதனைக் கோப்பின் குறையென்று எண்ணி வேறு கோப்பைத் தேடுவதால் பயனில்லை. புளூடூத் வழியே ஒலிப்பித்தால், பெரும்பாலான கருவிகள் இசையை வழியில் மீண்டும் ஒருமுறை சுருக்குகின்றன என்பதையும் நினைவிற் கொள்க. கம்பியால் இணைப்பது எளிய தீர்வு. அக்கம்பி வெள்ளியால் ஆனதாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. எண்களைக் கொண்டுசெல்லும் கம்பி அவற்றைப் பிழையின்றிச் சேர்த்தால் போதும். எண்களுக்கு இனிமையூட்டும் ஆற்றல் அதற்கில்லை. மடிக்கணினியை ஒலிபெருக்கியோடு இணைத்ததும் இரைச்சல் எழுந்தால், சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குறை மின்னிணைப்பில் உள்ளது என்பது தெளிவு. கீழ்ச்சுரங்களைப் பெருக்கிக்காட்டும் மிகைப்பு வசதிகள் கணினியில் இயங்கிக்கொண்டிருந்தால் அவற்றையும் நிறுத்துங்கள்.

ஒலிபெருக்கிக்கு அடுத்தது அறை. 1890-களில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபைன், எதிரொலி மிகுந்த விரிவுரைக் கூடம் ஒன்றை ஆராய்ந்து, ஒலி தங்கும் நேரத்துக்குரிய விதியைக் கண்டார். அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் அந்நேரம் நொடிகளிற் கிடைக்கும். 8 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் 3.5 மீட்டர் உயரமும் உள்ள வெறும் வகுப்பறை ஒன்றைக் கொள்வோம். அதன் கன அளவு 168 கன மீட்டர்; சுவர், தரை, கூரை யாவும் சேர்ந்த பரப்பு 194 சதுர மீட்டர். பூச்சு ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்கை உறிஞ்சுவதாகக் கொண்டால் உறிஞ்சும் பரப்பு 5.8 சதுர மீட்டர்; ஒலி 4.7 நொடி தங்கும். ஒவ்வொன்றும் 1.5 சதுர மீட்டர் உள்ள நான்கு சன்னல்களைத் திறந்தால், அவ்வழியே சென்ற ஒலி திரும்புவதில்லையாதலின், நேரம் 2.3 நொடியாகக் குறையும். முப்பது மாணவர் அமர்ந்து, ஒவ்வொருவரும் 0.3 சதுர மீட்டர் அளவுக்கு உறிஞ்சுவதாகக் கொண்டால், 1.3 நொடியாகும். செலவு ஏதுமின்றி இத்தனை மாற்றம் நேர்கிறது. இக்கணக்கை மாணவரைக் கொண்டே செய்வித்து, சன்னலை மூடியும் திறந்தும் கைதட்டிக் கேட்கச் செய்தால், இயற்பியல் பாடமும் நிறைவுறும்.

செவியைச் சோதிக்கும் முறை

இக்கட்டுரையிற் கூறியவற்றை யாரும் நம்பிக்கையால் ஏற்கவேண்டுவதில்லை. ஒரே பதிவின் மூலக் கோப்பையும், அதனின்று சுருக்கிய கோப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே உரப்பில் ஒலிக்குமாறு அமையுங்கள். சற்றே உரத்தது இனிமையானது என்று செவி மயங்கும். ஒருவர் நாணயத்தைச் சுண்டி, விழுந்ததற்கேற்ப ஒன்றை ஒலிப்பிக்க, அவரைக் காணாத மற்றொருவர் அது எது என்று எழுதட்டும். இவ்வாறு பத்துமுறை செய்க. வேறுபாடு தெரியாதவர் ஒன்பதோ பத்தோ சரியாகச் சொல்லும் வாய்ப்பு 1,024-இல் 11, அதாவது நூற்றில் ஏறத்தாழ ஒன்று. ஒன்பதுக்கு மேற்பட்டால் அவர் செவி வேறுபாட்டை உணர்ந்ததென்று கொள்ளலாம். ஐந்தாறோடு நின்றால், அவ்வேறுபாட்டுக்காகப் பணம் செலவிடுமுன் தயங்கலாம். கம்பி, கருவி ஆகியவற்றைப் பற்றிய விளம்பரங்களையும் இத்துலாக்கோலில் நிறுத்துப் பார்க்கலாம்.

நாம் வற்புறுத்த விரும்புவது ஒன்றே. பொதுப் பணத்தில் நடைபெறும் ஒவ்வொரு பதிவுப் பணியிலும், ஒவ்வொரு நாடா மாற்றத்திலும், எண்களில் எதுவும் குறையாத மூலக் கோப்பு ஒன்று, இரண்டு வேறு இடங்களில், பாடியவர் பெயரும் ஊரும் நாளும் குறித்து, காக்கப்படவேண்டும். எம்.பி.3 படிகளை அதன்பின் எத்தனை வேண்டுமாயினும் எடுத்து வழங்கலாம். இதற்காகும் செலவு ஒரு வன்தட்டும் சற்றுப் பொறுமையுமே. நாற்று நடுகையிலும் நீர் இறைக்கையிலும் பாடிய முதியோர் ஆண்டுதோறும் மறைந்து வருகின்றனர். அவர்தம் குரல் நம்மிடம் வந்துசேர்ந்த பின்னும் இடமில்லை என்று கூறி அதில் பெரும்பகுதியை நீக்கிவிடுவோமாயின், அதற்கு நியாயம் கூற இயலாது. ஒலிபெருக்கியை அடுத்த ஆண்டு வாங்கிக்கொள்ளலாம். பதிவை இன்றே முழுமையாக வைத்தல் வேண்டும்.